மேசையில் பறக்காத ஆவி

கேள்வி: 1872-இல் நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்த 'மேரி செலஸ்ட்' கப்பலில், மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பைகளில் ஆவி பறந்துகொண்டிருந்ததாமே! அதிலிருந்த பத்துப் பேரும் எங்கே போனார்கள்? அமானுஷ்ய சக்தியின் வேலையா? (வாசகர், விருதுநகர்)

பதில்: ஆவி! நல்ல சொல்லைப் பிடித்துக் கொடுத்தீர்கள். இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவி. உடலை விட்டுப் பிரிவதும் ஆவி. புளியமரத்தில் குடியிருப்பதாகப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதும் ஆவி. தூக்கம் வந்தால் நம் வாயிலிருந்து வருவது கொட்டாவி. இத்தனையிலும் அந்தக் கப்பலுக்குப் பொருந்துகிற ஆவி ஒன்று உண்டு. அது நீங்கள் கேட்ட ஆவி அல்ல.

முதலில் தேநீர். டிசம்பர் 4 அன்று அந்தக் கப்பலைக் கண்டது 'டெய் கிராசியா' என்ற வேறொரு கப்பல். அதிலிருந்து போய் ஏறிப் பார்த்த அதிகாரி ஆலிவர் டெவோ, கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிரிட்டிஷ் துறைமுகமான ஜிப்ரால்டரின் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். மேசையில் உணவு எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை என்பது அவர் சாட்சியத்திலேயே இருக்கிறது. கப்பலின் பயணக் குறிப்புப் பலகையில் கடைசியாக எழுதப்பட்ட குறிப்பு நவம்பர் 25 காலைக்கு உரியது. இடையில் ஒன்பது நாள். எந்தத் தேநீரில் ஆவி பறக்கும்?

இன்னொன்றும் சொல்வார்கள்: படகுகூட இருந்த இடத்திலேயே இருந்தது என்று. தவறு. படகு இல்லை. திசை காணும் கருவிகளும் கப்பலின் ஆவணங்களும் இல்லை. 1884-இல் ஆர்தர் கோனன் டாயில் இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் கப்பலின் பெயரை 'மரி செலஸ்ட்' என்று மாற்றினார். படகுகளையும் பத்திரமாகத் தொங்கவிட்டார். கதாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அதை வரலாறு என்று எடுத்து எழுதியவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 'விஞ்ஞானிகளையே திணறடித்த' என்று தொடங்கும் கட்டுரை எதையும் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. இதற்காக என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட எழுத்தாளர்கள் உண்டு. நிறுத்தட்டும்.

அன்றைய ஜிப்ரால்டர் அரசு வழக்கறிஞர் சாலி ஃபிளட்டும் இவர்களுக்கு அண்ணன்தான். கப்பலில் கிடந்த வாளில் கறையைப் பார்த்ததும் ரத்தம், கொலை என்று கிளம்பினார். சோதித்துப் பார்த்தால் அது ரத்தமே இல்லை. ஆளில்லாக் கப்பலை அத்தனை தூரம் ஓட்டி வந்து கரை சேர்த்தவர்களையே குற்றவாளிகளைப்போல் நிறுத்தி வைத்த மனிதர் அவர்.

இப்போது என் ஆவிக்கு வருகிறேன். நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குப் புறப்பட்ட அந்தக் கப்பலில் 1,701 பீப்பாய் எரிசாராயம் இருந்தது. இறக்கும்போது ஒன்பது பீப்பாய்கள் காலி. கசிந்த சாராயத்தின் ஆவி மூடிய அடித்தட்டில் சேர்ந்தால் ஒரு பொறி போதும். தீப்பிடித்த தடயம் இல்லையே என்பீர்கள். 2006-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் வேதியியலாளர் ஆண்ட்ரியா செல்லா, கப்பலின் அடித்தட்டைப்போல ஒரு மாதிரி அமைத்து, பியூட்டேன் வாயுவைக் கொளுத்திக் காட்டினார். பெரிய தீப்பிழம்பு எழுந்தது. உள்ளே பீப்பாய்களுக்குப் பதிலாக வைத்திருந்த காகிதக் கட்டிகள் கருகக்கூட இல்லை.

அடித்தட்டில் மூன்றரை அடித் தண்ணீர் நின்றது. நீரின் ஆழத்தை அளக்கும் கோல் மேல்தளத்தில் கிடந்தது. நீரிறைக்கும் பம்புகளில் ஒன்று கழற்றிப் போடப்பட்டிருந்தது. கப்பல் வெடிக்கும் என்றோ மூழ்கும் என்றோ தலைவர் பெஞ்சமின் பிரிக்ஸ் அஞ்சியிருக்கிறார். அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் ஒன்றான சான்டா மரியா கிட்டத்தில்தான் இருந்தது. மனைவியையும் குழந்தையையும் உடன் வைத்திருக்கும் மனிதர், கரை அருகில் இருக்கும்போது அவர்களைப் படகில் இறக்காமல் என்ன செய்வார்? இறங்கினார்கள், கப்பல் காற்றில் விலகிப் போனது, படகைக் கடல் கொண்டது. இது என் கணிப்பு. இதில் அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை.

பத்துப் பேர் என்று எண்ணிக்கையாகக் கேட்டீர்கள். மாலுமிகள் ஏழு பேர், பிரிக்ஸ், அவர் மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோஃபியா. தலைவரின் படுக்கையில் குழந்தை படுத்திருந்த பள்ளம் அப்படியே பதிந்திருந்ததை டெவோ பார்த்திருக்கிறார். சோஃபியாவுக்கு ஆர்தர் என்று ஓர் அண்ணன், ஏழு வயது. பள்ளிக்கூடம் கெடக்கூடாதென்று மாசசூசெட்ஸில் பாட்டி வீட்டில் அவனை விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறியிருந்தார்கள்.