கொல்லைப்புறப் பறவைகளைப் படம்பிடிக்க: கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): சார், ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். கொல்லைக்குத் தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி தினமும் வருகின்றன. படத்தில் கடுகு மாதிரிதான் தெரிகின்றன. 600 மி.மீ. லென்ஸ் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கொண்டைக்குருவி சுமார் 20 செ.மீ. நீளம். உங்கள் லென்ஸை 300இல் வைத்து 10 மீட்டரிலிருந்து எடுத்தால் சட்டத்தின் (ஃபிரேம்) அகலத்தில் கால் பங்குதான் வரும். அதே பறவை 4 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பிவிடும். தூரத்தைக் குறைக்கச் செலவு, பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க ஒரு மண்தட்டு.

தட்டு 40 செ.மீ. அகலமும் 3 முதல் 5 செ.மீ. ஆழமும் இருந்தால் போதும். உட்புறம் சொரசொரப்பாக இருக்கட்டும். வழுவழுப்பான தட்டில் கால் வழுக்கும், பறவை இறங்கத் தயங்கும். நடுவில் ஒரு தட்டையான கல் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். புதரை ஒட்டித் தட்டை வைத்தால் பூனை பதுங்கும். சுற்றிலும் ஒதுங்க இடமே இல்லையென்றால் வல்லூறுக்குப் பயந்து சின்னப் பறவைகள் இறங்காது. 2, 3 மீட்டர் தள்ளி ஒரு செடி இருப்பது நல்லது.

பறவை நேரே தண்ணீரில் இறங்குவது குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். உங்களுக்கு வேண்டிய படம் அங்கேதான். பழைய பெயின்ட் வாளியில் மணல் நிரப்பி, கட்டைவிரல் பருமனுள்ள காய்ந்த கிளை ஒன்றைச் சாய்வாக நடுங்கள். தட்டிலிருந்து அரை மீட்டருக்குள், உங்கள் லென்ஸ் உயரத்தில். துணிக்கொடி பக்கத்தில் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், எல்லாம் அதில்தான் போய் உட்காரும். கிளைக்கும் பின்னால் இருக்கும் சுவர் அல்லது செடிக்கும் 5 மீட்டராவது இடைவெளி விட்டால் பின்னணி கரைந்து ஒரே நிறமாகும். வெள்ளைச் சுவரை ஒட்டிக் கிளையை நட்டுவிட்டு லென்ஸைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, தேன்சிட்டு எப்போதும் கலங்கலாகவே வருகிறது. ஷட்டர் 1/250 நொடி. ஸ்டாண்டில் வைத்தும் அப்படியே.

பதில்: ஸ்டாண்டு உங்கள் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், சிட்டின் ஆட்டத்தை அல்ல. 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள். பறந்தபடி தேன் குடிப்பதை எடுக்க 1/2000. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6 அல்லது 6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, மேல் வரம்பு 3200. ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி விழும். அதை மென்பொருளில் ஓரளவு தேற்றலாம், கலங்கிய படத்தைத் தேற்ற முடியாது.

சிட்டின் பின்னால் லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். இட்லிப்பூ, முருங்கைப்பூ என்று ஒரு சுற்று போய்விட்டு அதே கொத்துக்குத் திரும்ப வரும். வெயில் படும் ஒரு கொத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்: ஆண் ஊதாத் தேன்சிட்டின் பளபளப்பு இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்புவதால் வருவது, சாயத்தால் அல்ல. நிழலில் எடுத்தால் கரித்துண்டுதான்.

கேள்வி (திருவாரூர்): கொக்கு எடுத்தால் வெள்ளை எரிந்துபோகிறது. வானத்தை ஒட்டிய கிளையில் கரிச்சான் உட்கார்ந்தால் வெறும் நிழல்தான்.

பதில்: கேமரா சட்டம் முழுவதன் வெளிச்சத்தையும் சராசரி பார்ப்பதால் வரும் வினை. இருண்ட பின்னணியில் வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷர் ஈடு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பு) மைனஸ் 0.7 முதல் 1 வரை. வெளிறிய வானத்துக்கு எதிரில் கரும்பறவைக்கு பிளஸ் 1 முதல் 1.7 வரை. ரா கோப்பாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுங்கள், ஓரளவு தேற்றலாம். ஆனால் முழுக்க எரிந்த வெள்ளை எந்தக் கோப்பிலும் திரும்பாது.

கேள்வி (மதுரை): வெளியே போனாலே பறந்துவிடுகின்றன. ஜன்னலுக்குள்ளிருந்து எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. அறை விளக்கை அணையுங்கள், லென்ஸ் முகப்பைக் கண்ணாடியை ஒட்டி நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் கூர்மை குறையும். கொசுவலை வழியாக வேண்டாம். வலை தெரியாவிட்டாலும் படம் பால் ஊற்றியதுபோல் வெளிறும். ஜன்னலையே திறக்க முடிந்தால் அதுதான் உத்தமம்: கம்பிகளுக்கு நடுவே லென்ஸை விட்டு, மீதியைக் கருந்துணியால் மூடிவிடுங்கள்.

கேள்வி (கோவை): என்னிடம் போன் மட்டும்தான்.

பதில்: தட்டிலிருந்து அரை மீட்டரில் போனை நிறுத்தி 4கே வீடியோ ஓடவிடுங்கள். அதிலிருந்து ஒரு சட்டத்தை (ஃபிரேம்) பிரித்தெடுத்தால் சுமார் 8 மெகாபிக்சல் படம் கிடைக்கும். முதல் சில நாள் போனுக்குப் பதிலாக ஒரு காலி டப்பாவை வைத்துப் பழக்குங்கள். வெளிச்சம் குறைந்தால் அசையும் பறவை கலங்கும், ஆகவே காலை 7 மணிக்கு மேல். காக்கை வந்து போனைக் கொத்திப் பார்க்கும், ஒரு கண் அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி (நாகர்கோவில்): தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. மறைக்கும் ஒரே ஒரு இலையைக் கிள்ளினால் அருமையான படம்.

பதில்: கிள்ளாதீர்கள். அந்த இலைதான் வெயிலையும் காக்கையின் கண்ணையும் தடுக்கிறது. கூட்டைச் சேதப்படுத்துவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தாய் இரையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் தத்தினால் காரணம் நீங்கள்தான், விலகிவிடுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): அக்டோபரில் ஆறுமணிக்குருவி வருகிறது. நிழலிலேயே நிற்கிறது. போனில் அதன் குரலைப் போட்டு வெளியே வரவைக்கலாமா?

பதில்: குரல் போட வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிடும். இது தத்தித் தத்திப் போய் நடுவில் சிலைபோல நிற்கும் பறவை. அந்த நொடியில் 1/160 கூடப் போதும், தொடர் படங்களாக எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தரையோடு தரையாக, வயிறு மண்ணில் படக் கிடந்து எடுத்தால்தான் அழகு. தோட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் ஏப்ரல் வரை சருகைப் பெருக்காதீர்கள். அதைப் புரட்டித்தான் புழு தேடும், அங்கேயே திரும்பத் திரும்ப வரும்.