வரம்பில் விழுந்த அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. வயல் செய்கிறார். பிறசருக்கும் புரஸ்டேட் வீக்கத்துக்கும் குளிசை போடுகிறார். விடியப்புறம் பாயால் எழும்பும்போது தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடிப்பார். போன கிழமை உரப்பையைத் தோளில் வைத்து வரம்பால் நடந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் எழும்பி, 'வெயில்தான்' என்கிறார். வெயில்தானா?
- வாசகி, விசுவமடு

பதில்: மகள், அப்பாவுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

விடியப்புறத் தலைச்சுற்றுக்குக் குளிசைகள் காரணமாக இருக்கலாம். எழும்பி நின்றதும் இரத்தம் காலுக்கு இறங்கும். குழாய்கள் உடனே சுருங்கி அதைச் சமாளிக்க வேண்டும். புரஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில குளிசைகள் அந்தக் குழாய்களையே தளர்த்திவிடும். படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுமுறையும் பிறசர் அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் விஷயம் பிடிபட்டது. குளிசையை அவராக நிறுத்தக்கூடாது. பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வரம்பில் விழுந்ததுதான் எனக்குப் பயம். வெயிலில் நின்று மயங்குபவருக்குப் பெரும்பாலும் முதலில் வியர்க்கும், வயிற்றைப் பிரட்டும், கண் இருட்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சனநெரிசலில் அப்படிச் சரிபவர்களைப் பார்த்திருப்பீர்கள். (படிக்கிற காலத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நானும் அப்படி விழுந்தவன்தான். கூட்டாளிகள் இன்னும் அதை விட்டபாடில்லை.) சுமையோடு நடக்கையில், சொல்லாமல் கொள்ளாமல் விழுவது வேறு. இந்த வயதில் இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வால்வு சுண்ணாம்பு படிந்து ஒடுங்கியிருக்கலாம். அப்படியானால் சும்மா இருக்கும்போது போதுகிற இரத்தம் உரப்பை தூக்கும்போது போதாது. அல்லது இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டு, துடிப்பு சில விநாடிகள் நின்றிருக்கலாம். வால்வைப் பார்க்க எக்கோ (இதய ஸ்கான்), துடிப்பைப் பார்க்க ஈசிஜி (இதய மின்பதிவு). ஒரு ஈசிஜி நன்றாக வந்தது என்று விட்டுவிடாதீர்கள். துடிப்பு நின்ற நேரம் அதில் அகப்படவேண்டுமே. 24 மணிநேரம் உடம்பில் பூட்டிப் பார்க்கும் கருவி அதற்குத்தான்.

கிளினிக் திகதிக்குக் காத்திராமல் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விழுந்ததைக் கண்டவரும் வந்தால் நல்லது, அப்பாவுக்கு அந்த நிமிடம் தெரியாது. திரும்ப விழுந்தால் தூக்கி இருத்திச் சோடா பருக்க வேண்டாம். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். சோதனைகள் முடியும்வரை உரப்பையும் மோட்டார்சைக்கிளும் வேண்டாம், வாய்க்காலில் தனியக் குளிப்பதும் வேண்டாம்.