கணவருக்கு விசா மறுப்பு: மனைவி வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். இந்தியாவில் இருக்கும் என் கணவருக்காகப் போட்ட ஐ-130 மனு (குடும்பத்தினரை அழைத்துக்கொள்ளப் போடும் மனு) ஏற்கப்பட்டது. ஆனால் தூதரக நேர்காணலில் விசாவை மறுத்துவிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஏஜென்ட் ஒருவர் நிரப்பிய சுற்றுலா விசா விண்ணப்பத்தில், அமெரிக்காவில் வசிக்கும் அண்ணனைப் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்ததாம். கொடுத்த தாளில், பொய்த் தகவல் தந்தவர்களுக்கு விசாவை மறுக்கும் 212(ஏ)(6)(சி) என்ற பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது. மனைவி என்ற முறையில் நான் நீதிமன்றம் போக முடியுமா?

பதில்: சகோதரி, வழக்குத் தொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் இன்றைய நிலையில் அந்த வழக்கு நிற்காது. தூதரக அதிகாரியின் விசா முடிவில் அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. குடிமகள் ஒருவரின் அரசியல் சாசன உரிமை பாதிக்கப்பட்டால் மட்டும் ஒரு சிறு வாசல் திறந்திருந்தது. 2024 ஜூனில் வந்த முன்யோஸ் வழக்கின் தீர்ப்பு அதையும் தம்பதிகளுக்கு அடைத்துவிட்டது. வழக்குத் தொடுத்த முன்யோஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கணவர் எல் சால்வடார் நாட்டவர். அவரைக் கொலைகாரக் கும்பலைச் சேர்ந்தவர் என்று சந்தேகித்து விசாவை மறுத்தார்கள். வழக்குத் தொடுத்த பிறகே அந்தக் காரணம் தம்பதிக்குத் தெரியவந்தது. அப்படியிருந்தும், வெளிநாட்டுக் கணவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது மனைவியின் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொன்னது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பான்மைத் தீர்ப்பு.

ஆகவே வழக்குக்கு வைத்திருக்கும் பணத்தை இப்போது தொடாதீர்கள். கையில் இருக்கும் அந்தத் தாள்தான் உங்களுக்கு முக்கியம். இந்தப் பிரிவின்படி, சொன்ன தகவல் பொய்யாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும். விசா முடிவைப் பாதிக்கக்கூடிய தகவலாகவும் அது இருக்க வேண்டும். ஏஜென்ட் எழுதியது உங்கள் கணவருக்குத் தெரியுமா, விண்ணப்பத்தை அவரே படித்து ஒப்புதல் கொடுத்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏஜென்ட் செய்தது’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. அப்போதைய மின்னஞ்சல், ஏஜென்டுக்குக் கொடுத்த விவரக் குறிப்பு, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றைத் தேடியெடுங்கள். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புதிய ஆதாரம் கொடுத்தால் தூதரகம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது. சட்டத்தைத் தவறாகப் பொருத்தியிருந்தால், வழக்கறிஞர் மூலம் வெளியுறவுத் துறையின் விசா பிரிவுக்கும் எழுதலாம்.

அதுவும் பலிக்காவிட்டால், இந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்கும் ஐ-601 மனு இருக்கிறது. கணவர் வராவிட்டால் உங்களுக்கு ‘மிகக் கடுமையான இன்னல்’ நேரும் என்று அதில் காட்ட வேண்டும். பிரிவின் வேதனையை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அது மட்டும் போதாது. மருத்துவ அறிக்கை, வீட்டுக் கடன், உங்களை நம்பியிருக்கும் பெற்றோரின் நிலை, கணவரோடு நீங்கள் இந்தியாவில் போய் வாழ ஏன் இயலாது என்பது, எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். தூதரகம் உங்கள் ஐ-130 மனுவைக் குடியேற்றத் துறைக்குத் திருப்பியனுப்பி, அத்துறை ஒப்புதலை ரத்து செய்தால், அந்த ரத்தையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. 2024 டிசம்பரில் பூவார்ஃபா வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படி முடிவு செய்தது. ஆனால் நீங்கள் புதிதாக ஐ-130 போட்டு, அதை அத்துறை நிராகரித்தால், அந்த நிராகரிப்பை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். எனவே அத்துறையிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அதில் குறித்த கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள்.