செபியிடம் ஆர்டிஐ: விளக்கம் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்

கேள்வி: என் அனுமதி இல்லாமலே தரகு நிறுவனம் என் கணக்கில் எஃப் அண்டு ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் முன்பேர) வர்த்தகம் செய்து பெரிய நஷ்டம் ஆகிவிட்டது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் எனும் புகார் தளத்தில் புகார் கொடுத்தேன். இரண்டு மறுஆய்வும் முடிந்து, புகார் முடித்து வைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. காரணம் கேட்டுத் தகவல் அறியும் உரிமை (ஆர்டிஐ) மனு எழுதி வைத்திருக்கிறேன். சந்தை விவகாரம் எல்லாம் ரகசியம், கொடுக்க மாட்டார்கள் என்கிறார் நண்பர். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். செபி நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அதற்கும் பொருந்தும். ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் மனுவை அப்படியே அனுப்ப வேண்டாம்.

அதில் முதல் கேள்வி, "தரகர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" அடுத்தது, "புகாரை முடித்தது சட்டப்படி சரியா?" இரண்டுக்கும் என்ன பதில் வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: 'மனுதாரர் விளக்கம் கேட்கிறார், இது தகவல் ஆகாது.' கைவசம் இருக்கும் பதிவைக் கொடுத்தால் போதும், புதிதாகக் கருத்துச் சொல்லத் தேவையில்லை என்று 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. செபியின் மேல்முறையீட்டு அதிகாரி போட்ட உத்தரவுகள் அதன் இணையதளத்திலேயே இருக்கின்றன. நாலைந்தைப் படித்துப் பாருங்கள், இந்தத் தீர்ப்பு திரும்பத் திரும்ப வரும்.

எனவே ஏன், எதற்கு எல்லாவற்றையும் அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "எனது இன்ன எண் புகார் தொடர்பாகத் தரகர் அளித்த நடவடிக்கை அறிக்கையும் அதன் இணைப்புகளும், பங்குச் சந்தை அனுப்பிய கடிதங்கள், புகாரை முடிப்பது குறித்த கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும்." நீங்கள் தேடும் 'ஏன்' அந்தக் கோப்புக் குறிப்பில்தான் இருக்கும். ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட கருத்தும் ஆலோசனையும் பிரிவு 2(எஃப்)-ன்படி தகவல்தான். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிற பிரிவு 4(1)(டி)-யையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். நஷ்டக் கதை மனுவில் வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லும் அவசியமே சட்டத்தில் இல்லை.

சரி, நண்பர் சொல்லும் ரகசியம்? அவர் பயமும் முழுக்கத் தப்பில்லை. வணிக ரகசியம், நம்பிக்கையின் பேரில் பெற்ற தகவல், நடந்துகொண்டிருக்கும் விசாரணை, தனிநபர் விவரம் ஆகியவற்றுக்குப் பிரிவு 8(1) விலக்கு தருகிறது. இதில் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது. வங்கி ஆய்வறிக்கைகளைத் தர மறுத்த ரிசர்வ் வங்கி இதைத்தான் சொன்னது. ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில், 2015 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கண்காணிப்பவருக்கும் கண்காணிக்கப்படுபவருக்கும் இடையே அப்படிப்பட்ட நம்பிக்கை உறவு கிடையாது, சட்டப்படி கேட்டு வாங்கியதை நம்பிக் கொடுத்தது என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். தரகர் செபிக்குக் கொடுத்த பதிலுக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும். தங்கள் தரப்பைக் கேட்கவில்லை என்று வங்கிகள் பிறகு தனியாக வழக்குப் போட்டன. 2022-ல் அவற்றைத் தொடக்கத்திலேயே தள்ள நீதிமன்றம் மறுத்தது. ஆகவே இது முழுக்க முடிந்துபோன விவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

'விசாரணை நடக்கிறது' என்று மட்டும் எழுதி மறுத்தால் அது செல்லாது. தகவலைக் கொடுப்பதால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. முடித்துவிட்ட புகாருக்கு இந்தக் காரணமே கொஞ்சம் விநோதம். தனிநபர் விவரம் என்ற விலக்கு மட்டும் இப்போது முன்னைவிடக் கடுமை. 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் திருத்திவிட்டது. அதனால் அதே தரகர் மீது புகார் கொடுத்த மற்றவர்களின் பெயரைக் கேட்காதீர்கள், எத்தனை புகார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மறுத்தால் 30 நாளுக்குள் செபியிலேயே முதல் மேல்முறையீடு, அதிலும் தோற்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மறுத்தது நியாயம்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியுடையது என்கிறது பிரிவு 19(5). மேல்முறையீட்டில் இதை மறக்காமல் எழுதுங்கள். ஒரு ஆவணத்தில் சில பகுதிகளை மட்டும் கொடுக்க முடியாது என்றால், அதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்கிறது பிரிவு 10.

இதையெல்லாம் செய்தாலும் ஆர்டிஐ பணத்தை மீட்டுத் தராது. ஆணையத்தில் விசாரணைக்கு வர வெகுநாள் ஆகலாம், அதுவரை காத்திருந்தால் பணத்தைக் கேட்பதற்கான காலவரம்பு போய்விடும். இப்போதே ஸ்மார்ட் ஓடிஆர் எனும் இணையவழித் தகராறு தீர்க்கும் தளத்தில் சமரசத்துக்கும், அது தோற்றால் நடுவர் தீர்ப்புக்கும் மனு போடுங்கள். அங்கே உங்கள் பெரிய ஆயுதம் 2018 மார்ச்சில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை. வாடிக்கையாளர்தான் ஆர்டர் கொடுத்தார் என்பதற்குத் தரகர் ஆதாரம் வைத்திருக்க வேண்டும்: தொலைபேசிப் பதிவு, மின்னஞ்சல், கையெழுத்து, இப்படி ஏதாவது ஒன்று. தகராறு வந்தால் அதைக் காட்டும் பொறுப்பும் அவருடையது. எனவே ஆர்டிஐ மனுவில் இன்னொரு வரி சேருங்கள்: "இந்த வர்த்தகங்களுக்கு நான் ஆர்டர் கொடுத்ததாகத் தரகர் செபிக்குச் சமர்ப்பித்த ஆதாரங்களின் நகல்." அப்படி எதுவும் பதிவில் இல்லை என்று செபி பதில் அனுப்பினால், அந்தக் கடிதத்தையே நடுவர் முன்னால் வையுங்கள்.