அளவாக்கும் டையில் தோட்டாக் கூடு மாட்டிக்கொண்டால் டையைக் கெடுக்காமல் எப்படி எடுப்பது?

கேள்வி இதுதான்: சுட்டுமுடிந்த .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவின் கூட்டை, மறுபடி நிரப்புவதற்காக, முழு அளவாக்கும் டைக்குள் (கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு) ஏற்றியபோது இறுகிவிட்டது. பிரஸ்ஸின் (கூட்டை டைக்குள் ஏற்றி இறக்கும் நெம்புகோல் கருவி) கைப்பிடியை ஓங்கி இழுத்ததில், கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. கூடு டைக்குள்ளேயே நிற்கிறது. டை போனதா?

போகவில்லை. கூடுதான் போனது. டையின் உட்சுவர் கடினப்படுத்திய எஃகு, கூடு பித்தளை. நிதானமாகச் செய்தால் டையில் ஒரு கீறல்கூட விழாது. பெரும்பாலும் டை கெடுவது கூடு மாட்டியதால் அல்ல, அதற்கடுத்த பத்து நிமிடத்தில் சுத்தியல், உளி, பிளையர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுப்பதால்தான். ஆகவே முதலில் கையை எடுத்துவிடுங்கள்.

ஏன் இப்படி இறுகுகிறது என்று தெரிந்தால், எடுக்கும் முறை ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும். அளவாக்கும்போது கூட்டின் சுவரை டை சுற்றிலும் அழுத்திச் சிறிதாக்குகிறது. இரண்டுக்கும் நடுவே மசகுப் படலம் இருக்கும்வரை பித்தளை வழுக்கிக்கொண்டு போகும். ஓரிடத்தில் படலம் அறுந்தால் பித்தளை எஃகின் மேல் ஒட்டிக்கொண்டு இழுபடும். இது வெறும் உராய்வல்ல, உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்வது. அந்தப் பிடியை எதிர்த்து இழுப்பதற்கு ஷெல் ஹோல்டருக்குக் கிடைப்பது விளிம்பின் ஒரு பகுதிதான், அதுவும் மெல்லிய பித்தளை. பிரஸ்ஸின் நெம்புகோல் விசைக்கு அது எப்படித் தாங்கும்? எனவே இனி இழுக்க வேண்டிய இடம் விளிம்பல்ல, கூட்டின் தடித்த அடிப்பாகம். அதில் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு, திருகித் திருகி இழுப்பதே சரியான வழி.

விளிம்பு இன்னும் பிய்யாமல் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராம் (ஷெல் ஹோல்டரைச் சுமந்து ஏறி இறங்கும் பிரஸ் தண்டு) கீழே வர மறுத்தால் கைப்பிடியில் தொங்காதீர்கள். இழுவிசை இல்லாத நிலைக்குக் கைப்பிடியை லேசாகத் தள்ளுங்கள். ஷெல் ஹோல்டரைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை எடுத்துவிட்டு, ஹோல்டரின் திறந்த வாய் உள்பக்கம் பார்க்கும்படி திருப்பி, முன்பக்கமாக உருவுங்கள். கூடு நின்ற இடத்திலேயே நிற்க, ஹோல்டர் மட்டும் வெளியே வரும். பிறகு டையைக் கழற்றி உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். எஃகைவிடப் பித்தளை அதிகம் சுருங்கும். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள்: 12 மி.மீ. விட்டத்துக்கு, 40 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் கிடைக்கும் இடைவெளி 0.003 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். லேசான பிடி விடும், ஒட்டிப்போனது விடாது. இதே காரணத்தால் டையைச் சூடாக்குவது தலைகீழ் வேலை. இரண்டும் சேர்ந்து சூடாகும்போது பித்தளைதான் அதிகம் விரியும், பிடி இன்னும் இறுகும். நெருப்பு டையின் கடினத்தையும் கெடுத்துவிடும்.

துளையிடுவதற்கு முன், கூட்டின் அடிக்குழியில் அமர்ந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். கூட்டில் இருப்பது வெடித்துமுடிந்த பிரைமர் என்றால் கவலையில்லை. கூடு முழுவதும் ஏறியிருந்தால் டையின் நடுத்தண்டு நுனியிலுள்ள ஊசி அதை ஏற்கெனவே தள்ளியிருக்கும். பாதியில் நின்றிருந்தால் பிரைமர் இன்னும் உள்ளே இருக்கும். அப்போது நடுத்தண்டைக் கீழ்நோக்கித் திருகி ஊசியாலேயே அதைத் தள்ளி வெளியேற்றுங்கள். வெடிக்காத பிரைமர் உள்ள கூடு என்றால் துளையிடுதல், தட்டுதல், சூடாக்குதல் எதுவும் கூடாது. எண்ணெய் விட்டால் பிரைமர் செத்துவிடும் என்பதை நம்பி டிரில்லை வைக்காதீர்கள். அந்த டையைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் தெரிந்தவரிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது பலரும் மறக்கும் படி: நடுத்தண்டை மேலே ஏற்றுவது. மேலேயுள்ள நட்டைத் தளர்த்தி, தண்டை மேல்நோக்கித் திருகுங்கள். கழுத்தை விரிக்கும் உருண்டை கூட்டின் கழுத்துக்கு உள்பக்கம் வந்து முட்டும். அங்கே நிறுத்திவிடுங்கள், ஸ்பேனர் போட்டு இழுக்க வேண்டாம். கூடு வெளியேறும்போது கழுத்து அந்த உருண்டையின் மேல் தானே வழுக்கிப் போகும், வழக்கமான அளவாக்கலில் நடப்பதும் அதுதானே. தண்டை ஏற்றாமல் துளையிட்டால் டிரில் பிட் அடிப்பாகத்தைத் துளைத்தவுடன் ஊசியில் மோதும். ஊசி ஒடியும், தண்டு வளையும், பிட்டின் முனையும் போகும். கோலெட் பிடி (தண்டைச் சுற்றி இறுக்கும் பிளவு வளையம்) உள்ள டையாக இருந்தால் நட்டைத் தளர்த்தினாலே தண்டு கையோடு மேலே வரும்.

இனி கருவிகள். விற்பனையில் கிடைக்கும் கிட்களில் பொதுவாக இருப்பவை 7-ஆம் எண் டிரில் பிட், 1/4-20 டேப் (கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 மரை வெட்டும் கருவி), குவளை போன்ற ஓர் உருளை, ஒரு போல்ட். 7-ஆம் எண் பிட்டின் விட்டம் 0.201 அங்குலம், அதாவது 5.1 மி.மீ. கிட் இல்லையென்றாலும் வேலை நிற்காது. மெட்ரிக் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு 5 மி.மீ. பிட்டும் எம்6 டேப்பும் அதே வேலையைச் செய்யும். குவளைக்குப் பதில் ஒரு பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட் அல்லது தடித்த குழாய்த் துண்டு போதும். அதன் உள்விட்டம் கூட்டின் விளிம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். .308 விளிம்பு 12 மி.மீ., ஆகவே 13 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பெரும்பாலான மேக்னம் ரைஃபிள் கூடுகளின் விளிம்பு 13.5 மி.மீ., அவற்றுக்கு 14 அல்லது 15 மி.மீ. பாருங்கள். வெளியே துருத்தி நிற்கும் பகுதியைவிடக் குழாய் குறைந்தது 10 மி.மீ. உயரமாக இருக்கட்டும். இல்லையென்றால் கூடு நகர ஆரம்பித்ததும் வாஷரில் இடித்து நின்றுவிடும்.

டையைத் தலைகீழாக, கூட்டின் அடி மேலே பார்க்கும்படி வைஸில் பிடியுங்கள். டையைப் பிரஸ்ஸில் பூட்டும் லாக் ரிங்கிலோ தட்டையான பக்கங்களிலோ பிடிக்கலாம், மரையில் வைஸ் தாடையைப் போடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் இரு பக்கமும் மரத்துண்டு வைத்துப் பிடியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பித்தளைச் சீவல் ஊசிபோலத் தெறிக்கும்.

பெரிய பிரைமர் குழியின் விட்டம் 0.210 அங்குலம். 7-ஆம் எண் பிட் அதற்குள் தானாகவே நடுவில் இறங்கி, அடியிலுள்ள சிறிய தீத்துளையை மட்டும் பெரிதாக்கும். .223 ரெமிங்டன் போன்றவற்றில் சிறிய பிரைமர் குழி, 0.175 அங்குலம். அங்கே பிட் குழியையும் சேர்த்துக் குடைய வேண்டியிருக்கும். மெதுவாகச் சுற்றவிட்டு, நேராகப் பிடித்து, அழுத்தாமல் இறக்குங்கள். பித்தளையில் பிட் திடீரென்று கடித்துக்கொண்டு உள்ளே பாயும் பழக்கம் உண்டு. துளை திறக்கும் தருவாயில் கையைத் தளர்த்துங்கள்.

டேப் போடும்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று சீவலை அறுத்து அறுத்து இறக்குங்கள். டேப்பின் நுனியிலுள்ள சில பற்கள் முழு ஆழத்துக்கு வெட்டாது. கூட்டின் அடித்தடிப்பு வெறும் ஐந்து மி.மீ. அளவுதான். ஆகவே நுனி அடிப்பாகத்தைக் கடந்து கூட்டின் வயிற்றுக்குள் நன்றாக இறங்கினால்தான் முழு மரை கிடைக்கும். தண்டை ஏற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். பெரிய பிரைமர் குழியில் மரை சற்று ஆழம் குறைந்தே விழும், ஏறக்குறைய அறுபது சதவீதம். அது போதும், ஆனால் அலட்சியத்துக்கு இடம் இல்லை. போல்ட்டை அடிப்பாகம் முழுவதும் பற்றும்படி இறக்க வேண்டும், இரண்டு மரையில் தொங்கவிட்டு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பிறகு டை வாயின் மேல் குழாய், அதன்மேல் தடித்த வாஷர், அதன் வழியே போல்ட். வாஷரின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், முறுக்கு விசை வீணாகாமல் இழுவிசையாக மாறும். கையால் இறுக்கி, எல்லாம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, ஸ்பேனரால் கால் கால் சுற்றாகத் திருகுங்கள். முதலில் இறுகிக்கொண்டே போகும், பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். அதுதான் பிடி விட்ட சத்தம். பயப்பட வேண்டாம். .308 கூட்டின் உடல் மேலே போகப் போகச் சிறுக்கும் கூம்பு. 5 மி.மீ. நகர்ந்தாலே விட்டத்தில் 0.06 மி.மீ. இடைவெளி கிடைத்துவிடும். அதன்பின் கழுத்து உருண்டையைக் கடக்கும் சிறு தடை மட்டுமே மிச்சம்.

சத்தம் வராமல் போல்ட் மட்டும் இலகுவாகச் சுற்றினால் மரை உருவிவிட்டது என்று பொருள். பெரிய கூடுகளில் இன்னொரு வாய்ப்பு உண்டு: 6.8 மி.மீ. துளையிட்டு எம்8 டேப், அல்லது 5/16-18. இந்த முறை பிட் கோணலாகப் போகக் கூடாது, சுவரின் பக்கம் சாய்ந்தால் அடுத்து டைதான்.

நடுத்தண்டு முழுமையாகக் கழன்று வந்துவிடும் டைகளில் மேலிருந்து தட்டி எடுக்கலாம். 30 காலிபர் கழுத்துக்குள் 7 மி.மீ. தடி இறங்கும். தடியின் முனை தட்டையாக இருக்கட்டும். டை வாயைத் துளையுள்ள மரக்கட்டையின் மேல் நிறுத்தி, கூட்டின் அடிப்பாகத்தில் உள்ளிருந்து ஓங்கி ஒரே அடி. பல சின்ன அடிகள் தடியைத்தான் நசுக்கும். நேரான கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு இது எளிது. கார்பைடு வளையமுள்ள டைகளில் தடி வளையத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கார்பைடு உடைந்துவிடும்.

அடிப்பாகம் முழுவதும் பிய்ந்து வெறும் குழாய் மட்டும் உள்ளே நின்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை. ஆக்சா பிளேடு வைத்துச் சுவரை அறுக்கப் போனால் டையும் அறுபடும். மாட்டிய கூட்டை எடுத்துத் தரும் டை தயாரிப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கூடு வெளியே வந்ததும் உடனே அடுத்ததை ஏற்றாதீர்கள். விளக்கு பிடித்து உட்சுவரைப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் தெரிந்தால் பித்தளை ஒட்டியிருக்கிறது. அந்த இடம் அடுத்த கூட்டையும் பிடித்து இழுக்கும். துப்பாக்கிக் குழலிலுள்ள செம்பைக் கரைக்கும் அமோனியா திரவத்தைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தை, பிளந்த மரக்குச்சியில் துணி சுற்றி, உலோக மெருகுப் பசை தடவி, டிரில்லில் மெதுவாகச் சுற்றி எடுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம். முடித்ததும் நன்றாகத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். டையின் பக்கவாட்டிலுள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

மறுபடி மாட்டாதிருக்க மசகுதான் எல்லாம். அதிகம் அழுத்தம் படுவது கூட்டின் கீழ் மூன்றில் ஒரு பகுதி, ஆனால் விரல்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் மசகு விட்டுப்போவதும் அங்கேதான். கூட்டின் தோள்பட்டையில் (உடல் கழுத்தாகச் சரியும் இடம்) மசகு தேங்கினால் குழி விழும், அங்கே தடவ வேண்டாம். கழுத்தின் உள்ளே லேசாக ஒரு பிரஷ் ஓட்டினால் உருண்டை வழுக்கும். லானோலினும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்த ஸ்பிரே (ஒரு பங்குக்குப் பன்னிரண்டு பங்கு என்பது வழக்கமான கலவை) அடித்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகும்வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஏற்றுவது கூடு மாட்டுவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று. துருவுக்கு அடிக்கும் மெல்லிய ஸ்பிரே எண்ணெய்கள் இந்த அழுத்தத்தைத் தாங்காது. புது டையின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு எண்ணெயைத் துடைத்துவிட்டு, முதல் சில கூடுகளுக்குத் தாராளமாக மசகு போடுங்கள். இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட கூடுகள் அதிகம் விரிந்திருக்கும், அவற்றுக்கும் அப்படியே.

கைப்பிடியில் எடை கூடுவதை உணர்ந்த கணமே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம்தான் என்று அழுத்தினால் கதை முடிந்தது. அந்த இடத்திலிருந்து பின்வாங்கி, கூட்டை எடுத்து, மறுபடி மசகு தடவி ஏற்றினால் போய்விடும்.

சுத்தம் செய்த டையைச் சோதிக்க, நன்றாக மசகு தடவிய கூடு ஒன்றைப் பாதிவரை ஏற்றி இறக்கி, துடைத்துப் பாருங்கள். உடலில் நீளவாக்கில் கீறல் விழுந்திருந்தால் பித்தளை இன்னும் உள்ளே ஒட்டியிருக்கிறது. மறுபடி அமோனியாவிலிருந்து தொடங்குங்கள்.