தோட்டத்துக் கடதாசிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

*டித்வா புயல் வெள்ளத்தில் அலுமாரிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நனைந்த பத்திரக் கட்டுகளைப் பொலித்தின் பையில் கட்டி வைத்தோம். இப்போது கறுப்புப் புள்ளி விழுந்து மணக்கிறது. வெயிலில் காயப் போடலாமா? (பதுளை)*

வேண்டாம். வெயில் மையை வெளிறச் செய்யும், தாளையும் முறுக்கிவிடும். முதலில் அந்தப் பையை அவிழுங்கள். ஈரத்தை உள்ளே பூட்டியதால்தான் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்புங்கள். இடையிடையே வெறும் வெள்ளைத் தாள் வைக்கலாம். பத்திரிகைத் தாள் வேண்டாம், அதன் மை ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது புள்ளியைத் துடைத்தால் அது தாளின் இழைக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டி விடுங்கள்.

அடுத்த முறைக்கு ஒன்று: நனைந்த கடதாசியில் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் காய வைக்க முடியாதென்றால் தெரிந்த கடைக்காரரின் டீப் ஃப்ரீசரில் இடம் கேளுங்கள். உறைந்த கட்டு அப்படியே காத்திருக்கும். ஆறுதலாக ஒவ்வொன்றாய் எடுத்துக் காய வைக்கலாம்.

பிறப்புச் சான்றிதழுக்காக நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பாட்டியின் கடிதத்துக்கும் பழைய படத்துக்கும்தான் வேறு பிரதி கிடையாது. முதல் ஃபேன் காற்று அவற்றுக்கு.

*நான் ஒரு பிரதேச சபையில் முகாமைத்துவ உதவியாளர். ரெக்கோட் ரூம் என் பொறுப்பு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. ஸ்வார்பிகா என்று ஓர் அமைப்பு இருக்கிறதாமே, என்னைப் போன்றவர்கள் சேரலாமா? (ஹட்டன்)*

பாரிஸில் இருக்கும் சர்வதேச சுவடிகள் பேரவைக்கு 13 பிராந்தியக் கிளைகள் உண்டு. தெற்கு, மேற்கு ஆசியாவுக்கான கிளைதான் ஸ்வார்பிகா, 1976இல் அமைந்தது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், ஈரான் போன்ற நாடுகளின் தேசிய சுவடிக்கூடங்களைச் சுற்றியே அது இயங்குகிறது. பேரவையில் நான்கு வகை உறுப்பினர்கள்: ஏ தேசிய சுவடிக்கூடங்களுக்கு, பி தொழில்முறைச் சங்கங்களுக்கு, சி நிறுவனங்களுக்கு, டி தனி ஆட்களுக்கு. நீங்கள் டி.

ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன், சேராமலே கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை எப்படி விவரித்துப் பட்டியல் போடுவது என்ற பேரவையின் தரவிதி இணையத்தில் இலவசம். பட்டியலைக் கணினியில் ஏற்றும் ஆட்டம் (AtoM) என்ற மென்பொருளும் இலவசம். உங்கள் அளவு அலுவலகத்துக்கு நான் முதலில் காட்டுவது ஸ்வார்பிகாவைக்கூட அல்ல, பசிபிக் தீவுகளின் கிளையான பார்பிகாவை. சிறிய தீவு நாடுகளின் அரச அலுவலகங்களை மனதில் வைத்து அவர்கள் எழுதிய பதிவேட்டு வழிகாட்டி, டொங்காவுக்குப் பொருந்துகிற மாதிரியே ஹட்டனுக்கும் பொருந்தும்.

அப்படியானால் நம் பிராந்தியக் கிளையால் என்ன பயன்? மலையகத்தாருக்கு அது வெறும் சம்பிரதாயமில்லை. பேரவை தொடங்கிய அதே 1948இல்தான் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஆட்களைப் பிரித்தபோது அவர்களின் கடதாசியும் பிரிந்தது. தாத்தாவின் செக்ரோல் (வேலைநாளும் சம்பளமும் பதியும் தோட்டப் புத்தகம்) பொகவந்தலாவையில், சித்தப்பாவின் குடும்ப அட்டை தமிழ்நாட்டுக் கூடலூரில். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க இரு நாட்டுச் சுவடிக்காப்பாளர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த மேசையைப் போடக்கூடியது இப்படியான கிளைதான்.

*அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். ஆபீஸை ஒதுக்கிச் சுத்தப்படுத்தியபோது எரிக்கப் போன செக்ரோல் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கின்றன. என்ன செய்வது? (பண்டாரவளை)*

உங்கள் அப்பாவுக்கு முதலில் ஒரு கும்பிடு.

யாருடைய சொத்து என்பது சிக்கலான கேள்விதான். வெள்ளைக்காரக் கம்பனியிடமிருந்த தோட்டங்கள் 1975இல் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு வந்தது. கை மாறும்போதெல்லாம் பழைய புத்தகங்களுக்குப் பொறுப்பாளி இல்லாமல் போனது. அதனால் விற்கவோ உறவினருக்குப் பிரித்துக் கொடுக்கவோ வேண்டாம். பாதுகாப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கைக் கலைக்காதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் எனக்கு இரண்டு பெட்டி கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றையும் ஆண்டு வாரியாகப் பிரித்து அடுக்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவை கங்காணி வாரியாகக் கட்டப்பட்டிருந்தவை என்று. எந்தக் குடும்பம் யாருடைய ஆட்களோடு வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கட்டுதான். அதை நானே அவிழ்த்துவிட்டேன்.

ஆகவே முதலில் இருக்கிறபடியே படம் எடுங்கள். பிறகு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: தோட்டம், டிவிசன், ஆண்டு, எத்தனை புத்தகம், எந்த அடுக்கில் எத்தனையாவது. இலக்கம் போடுவதானால் பென்சிலால் மட்டும். துருப்பிடித்த ஊசி, கிளிப்பைப் பக்குவமாகக் கழற்றலாம். அடுப்புக்கு மேலே உள்ள பரண் என்றால் இறக்கிவிடுங்கள். புகை இராமபாணத்தை விரட்டும் என்று நம் வீடுகளில் நம்புவார்கள், தாளை அது மெல்ல மெல்ல உடைத்துவிடும்.

இந்தப் புத்தகங்கள் சரித்திரம் எழுதுபவருக்கு மட்டும் உரியவை அல்ல. பெயர், வேலைநாள், சம்பளம், அரிசிக்குப் பிடித்த காசு எல்லாம் இதில் இருக்கும். சேமலாப நிதியிலோ சேவைக்காலப் பணத்திலோ தகராறு வந்தால் வேலை செய்ததற்கு ஆதாரம் இதுதான். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30இலிருந்து நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. ‘அன்று தாத்தா இங்கேதான் இருந்தார்’ என்று காட்ட எத்தனை குடும்பங்களிடம் என்ன இருந்தது?

எண்ணிமப்படுத்த, தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றும் ‘நூலகம்’ நிறுவனத்திடம் பேசிப் பாருங்கள். மூலத்தைக் கொடுப்பதானால் தேசிய சுவடிக்கூடம், அல்லது கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம். யாரிடம் கொடுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு கவனம்: உயிரோடு இருப்பவர்களின் கடன் கணக்கு உள்ள பக்கங்களை முகநூலில் போட வேண்டாம்.

*அம்மம்மாவின் பழைய கடவுச்சீட்டை லெமினேட் பண்ணலாமா? (மாத்தளை)*

கூடாது. சூடு, பசை இரண்டும் திரும்ப எடுக்க முடியாதவை. செலோடேப்பும் அப்படித்தான். அமிலமில்லாத கடித உறை ஒன்று போதும்.

*அலுவலகத்தில் பழைய கோப்புகளை நிறைக்கு விற்கச் சொல்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா, சேர்? (நுவரெலியா)*

போடாதீர்கள், தங்கச்சி. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் இருக்கிறது. அரச ஆவணத்தை அழிக்கத் தேசிய சுவடிக்கூடத்தின் அனுமதி வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) குறைந்தபட்சக் காலம் சொல்கிறது: சட்டம் அமலுக்கு வந்தபோது இருந்தவற்றுக்கு அன்றிலிருந்து 10 வருடம், பிறகு உருவானவற்றுக்கு 12 வருடம். இந்த இரண்டையும் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதி, பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்கிறவர்கள் எழுத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்.

*நாங்கள் ஏழு பேர், பட்டதாரிகளும் பாடசாலை நூலகர்களும். மலையகச் சுவடிக்காப்பாளர் சங்கம் ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம். யாப்பு (சங்க விதிகள்) எழுத உதவுவீர்களா? (கண்டி)*

உதவுகிறேன், ஆனால் தலைவர், செயலாளர் தெரிவை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். நம் ஊரில் எத்தனையோ சங்கம் அந்தத் தெரிவோடு முடிந்து போயிருக்கிறது.

அந்த ஒரு வருடத்தில் பட்டியல் போடுங்கள். தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பு, கோயில் திருவிழாக் கணக்கு, தொழிற்சங்கக் கிளையின் கோப்பு எங்கே, எந்த நிலையில், சாவி யாரிடம். ஒருவருக்கு ஐந்து இடம் என்றால் 35 இடம். தேசிய சுவடிக்கூடத்தின் கிளை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் ஃப்ரீசர் வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணையும் அதே பட்டியலில் எழுதி வையுங்கள். பட்டியல் முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். யாப்பு எழுத அதோடு நானே கண்டிக்கு வருகிறேன்.