சிறு ஊரில் மக்களே குழுவாகச் சேர்ந்தால் ஏதாவது மாறுமா?

ஞாயிற்றுக்கிழமை கூடிக் குப்பை பொறுக்குவதைத் தவிர இந்தக் குழுக்களால் வேறென்ன முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே முடியும். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில் உள்ள நிபோங் தெபாலில் இருக்கிறேன். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், சில ஆண்டுகளாக ஒரு குழு இயங்குகிறது.

எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலையான கோத்தோங் ரோயோங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மண்வெட்டியோடு இறங்கும்போதுதான் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகினோம். ஆனால் அடுத்த பெருமழைக்கு அதே கால்வாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. அப்புறம்தான் எந்த வேலை யாருடையது என்று விசாரிக்கத் தொடங்கினோம். வீட்டு வாசல் கால்வாயும் குப்பையும் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. பெரிய சாலை என்றால் பெரும்பாலும் பொதுப்பணித் துறை. ஆறும் பெரிய வடிகாலும் நீர்ப்பாசன வடிகால் துறை. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் அங்கேயே தூங்கிவிடும். கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் சொல்லும் வழியும் இங்கே பொருந்தாது. அங்கே குப்பை 2011 முதல் கூட்டரசு (மத்திய அரசு) சட்டத்தின் கீழ் இருக்கிறது. பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1951இலேயே ஜார்ஜ்டவுன் மக்கள் ஓட்டுப் போட்டு நகராண்மை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த மாநிலம் இது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதற்கு முடிவே கட்டிவிட்டது. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. கால்வாய் அடைத்திருக்கிறதே என்று நாம் யாரையும் ஓட்டால் இறக்க முடியாது. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். அதனால்தான் விடாமல் நினைவூட்டும் ஒரு குழு அவசியம் என்கிறேன்.

எங்கள் குழுவின் பலம் ஒரு கோப்புதான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதைப் பராமரிக்கிறார். அனுப்பிய கடிதத்தின் நகல், படம், தேதி, பேசிய அதிகாரியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், புதியவர் வந்து முதலிலிருந்து கேட்பார். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் "புகாரே வரவில்லை" என்றார்கள். டீச்சர் குரலை உயர்த்தவில்லை. பெற்றுக்கொண்டதாகச் சாப்பா (முத்திரை) குத்திய நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த மாதமே கால்வாயைத் தூர்வாரினார்கள்.

எந்த அலுவலகமும் செய்து முடிக்க முடியாத வேலையும் உண்டு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். வாராவாரம் பூச்சாடித் தட்டைக் கவிழ்த்துப் பார்க்க அதிகாரியா வருவார்? பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் குழு செய்யும் மிக முக்கியமான வேலை இது என்பேன். கால்வாயில் போடும் நெகிழி கிரியான் ஆற்றுக்குத்தான் போகிறது, அந்த ஆற்றங்கரை மரங்களில்தான் நம் மின்மினிகள் இருக்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம்.

குழுவைப் பதிவு செய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சங்கமாகப் பதிய குறைந்தது ஏழு பேர் வேண்டும். உங்கள் பகுதியில் ஏற்கெனவே ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு இருந்தால் அதிலேயே சேர்ந்து தொடங்கலாம். 1975 முதல் இருக்கும் அமைப்பு, அரசாங்க அலுவலகங்களுக்கும் பழக்கமானது.

முதலில் ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். கடிதத்தை மலாயில் எழுதுங்கள், சாலைப் பெயரும் படமும் சேருங்கள். தெருவிளக்கு என்றால் கம்பத்தின் எண்ணையும் எழுதுங்கள். நேரில் கொடுத்து, நகலில் சாப்பா வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் இல்லையென்றால் அடுத்த கடிதத்தை முந்தைய கடிதத்தின் தேதியோடு தொடங்குங்கள்.